திப்பு சுல்தான் வேண்டிய பீங்கான் வினைஞர் பதின்மர்

நம் இல்லங்களில் ஊறுகாய் இட்டு வைக்கும் ஜாடியைப் பீங்கான் என்று வழங்குகிறோம். வழக்கில் நன்கு ஊறிப்போன சொல்தான். எனினும் தமிழ்ச்சொல் அன்று. கிண்ணத்தைக் குறித்த பாரசீகச் சொல்லொன்று உருதுவின் வழியாக நம் அடுக்களைக்குள் வந்து சேர்ந்து பீங்கான் ஆயிற்று. சேலத்து மாக்கல்லில் கடைந்தெடுத்த பாத்திரத்திற்குக் கற்சட்டி என்னும் பெயர் இருக்கிறது. கல்லும் நம்முடையது, கடைந்த கையும் நம்முடையது, சொல்லும் நம்முடையது. பீங்கானுக்கு அவ்வாறு அமையவில்லை. பொருள் வெளியிலிருந்து வந்தபோது பெயரும் அதனுடன் வந்தது.

இந்தச் சொல்லை எண்ணும்போதெல்லாம் திப்பு சுல்தானின் நினைவும் எனக்கு வருவதுண்டு. நம் வட்டத்து அன்பர்கள் இதைக் கேட்டு வியக்கலாம். நாமக்கல் மலைமேல் நிற்கும் கோட்டையைத் திப்புவின் கோட்டை என்றே ஊரார் காட்டுவர். சங்ககிரி மலைக்கோட்டையும் அவ்வாட்சியை நினைவூட்டுவது. வாளும் புலியும் பீரங்கியுமாகவே அம்மன்னரைப் படித்து வந்திருக்கிறோம். அவர் பிரான்சு நாட்டு மன்னரிடம் பீங்கான் செய்வோர் பதின்மரை அனுப்புமாறு வேண்டினார் என்பது பாடநூல்களில் இடம்பெறாத செய்தி. அவ்வேண்டுகோளை நடுவில் வைத்து அவர் வாழ்க்கையை ஒருமுறை சொல்லிப் பார்ப்பதே என் நோக்கம். அவருடைய சமயக் கொள்கை பற்றியும், குடகிலும் மலபாரிலும் அவர் படைகள் செய்தவை பற்றியும் அறிஞரிடையே நிகழும் வழக்கு பெரிது. அதனை ஓரிரு பத்திகளில் அடக்க முயல்வது நேர்மையாகாது என்பதால் இங்கு அதனைத் தொடவில்லை.

திப்பு 1750ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் தேவனஹள்ளியில் பிறந்தார் என்பது பெரும்பாலோர் கொள்கை. நம் ஆர்க்காட்டில் அடக்கமான திப்பு மஸ்தான் அவுலியா என்னும் இறையடியாரின் பெயரையே பெற்றோர் குழந்தைக்குச் சூட்டினர். தந்தை ஹைதர் அலி எழுத்தறியாதவர். தமக்குக் கிட்டாத கல்வியை மகனுக்குக் குறைவறக் கொடுத்தார். மைசூர்ப் படையில் பணியாற்றிய பிரெஞ்சு அதிகாரிகளிடம் போர்ப்பயிற்சியும் அமைந்தது. ஐரோப்பியரின் வலிமை அவர்களுடைய உடலிலோ நிறத்திலோ இல்லை, அவர்கள் கைக்கொண்ட தொழில் ஒழுங்கில்தான் இருக்கிறது என்பதை இளமையிலேயே அருகிருந்து கண்டவர் திப்பு. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தபோது அவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை.

1782 டிசம்பரில் ஹைதர் மறைந்தார். போர் நடுவே அரசுக்கட்டில் ஏறிய திப்பு, அடுத்த ஆண்டே மறக்க முடியாத பாடமொன்றைக் கற்றார். மங்களூர்க் கோட்டையை அவர் முற்றுகையிட்டிருந்த வேளையில், ஐரோப்பாவில் பிரான்சும் இங்கிலாந்தும் அமைதி செய்துகொண்ட செய்தி வந்தது. உடன் நின்ற பிரெஞ்சுப் படையினர் ஆயுதத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டனர். நட்புக்கு உரியவர் எத்துணை நெருங்கியவராயினும், அவர் கையிலுள்ள கருவி அவருடையதே. மங்களூர் உடன்படிக்கை 1784 மார்ச்சில் கையெழுத்தானபின் திப்பு மேற்கொண்ட செயல்கள் பலவற்றையும் இக்கசப்பை நினைவிற்கொண்டு நோக்கினால் நன்கு விளங்கும். சீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்திரதுர்க்கம், நகர் ஆகிய இடங்களில் தொழிற்கூடங்கள் எழுந்தன. துப்பாக்கி, பீரங்கி, கத்தி, கடிகாரம் என்று பலவும் அங்குச் செய்யப்பட்டன. பட்டுப்புழு வளர்ப்பு தொடங்கியது. லால்பாகு தோட்டத்திற்கு வெளிநாட்டு விதைகள் தேடப்பட்டன.

1787 ஜூலையில் தர்வேஷ் கான், அக்பர் அலி கான், உஸ்மான் கான் என்னும் மூவர் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் கப்பலொன்றில் ஏறினர். அக்கப்பலின் பெயருக்கு விடியல் என்பது பொருள். ஏறத்தாழ பதினொரு மாதம் கடலில் அலைந்து 1788 ஜூன் 9ஆம் நாள் துலோன் துறையில் இறங்கினர். ஆங்கிலேயருக்கு எதிராகப் படைத்துணை பெறுவதே தூதின் முதற்பணி. அதனுடன் ஒரு பட்டியலும் சென்றது. பீரங்கி வார்ப்போர், கப்பல் கட்டுவோர், கடிகாரம் செய்வோர், கண்ணாடி செய்வோர், நெசவோர், கீழ்த்திசை மொழிகளை அச்சிடுவோர், பீங்கான் செய்வோர் என வகைக்குப் பதின்மர். இவர்களுடன் மருத்துவர், கிராம்பு மரக்கன்று, கர்ப்பூர மரக்கன்று, பூவிதை, அவற்றை வளர்க்கத் தெரிந்த தோட்டக்காரர். ஓர் அரசன் இன்னோர் அரசனிடம் இப்படியொரு பட்டியலை நீட்டியதை எண்ணிப் பார்க்கவேண்டும். நவமணிகளைக் கேட்டவர் அல்லர் அவர், கைகளைக் கேட்டார்.

பீரங்கி வார்ப்போரைக் கேட்டதில் வியப்பில்லை. பீங்கான் செய்வோர் எதற்கு? அழகுப் பொருள்மீது கொண்ட ஆசை என்று தள்ளிவிடலாம். பலர் அவ்வாறே எழுதினர். ஆயின் அந்நூற்றாண்டில் பீங்கான் எத்தகைய மறைபொருளாக இருந்தது என்பதை அறிந்தால், அவ்வேண்டுகோளின் கூர்மை தெரியவரும்.

பீங்கான் சீனர் கண்டது. அதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று கவோலின் என்னும் வெள்ளைக் களிமண். சூளையின் வெப்பத்திலும் உருகாமல் நின்று கலத்துக்கு வடிவம் தருவது இது. மற்றொன்று பெல்ஸ்பார் கலந்த கல்பொடி. இது 1300 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருகிக் கண்ணாடியாகிக் களிமண்ணின் துளைகளையெல்லாம் அடைத்துவிடும். முன்னதை எலும்பென்றும் பின்னதைத் தசையென்றும் சீனக் குயவர் உவமித்தனர். இரண்டும் சேர்ந்து வெந்த கலம் விளக்கொளியில் பிடித்தால் ஒளி ஊடுருவும். விரலால் சுண்டினால் வெண்கலம் போல ஒலிக்கும். கத்தியால் கீறினால் கோடு விழாது. ஐரோப்பியர் இருநூறு ஆண்டுகள் அதனைப் பொன்கொடுத்து வாங்கினரேயன்றி எவ்வாறு செய்வதென அறிந்திலர். சாக்சனி நாட்டு அரசர் அகஸ்டஸ் 1717இல் தம் குதிரைவீரர் அறுநூற்றுவரைப் பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்து, மாற்றாக 151 சீனக் கலங்களைப் பெற்றார். கலத்துக்காக ஆட்களை விற்ற அந்த அரசரின் நாட்டில்தான் ஐரோப்பாவின் முதல் உண்மைப் பீங்கான் பிறந்தது. பொன் செய்து தருவதாகச் சொன்ன போட்கர் என்னும் இளைஞனை அடைத்துவைத்து வேலை வாங்கி, அவன்வழி மறைபொருளைக் கண்டறிந்து, 1710இல் மெய்சன் ஆலையைத் தொடங்கினார் அகஸ்டஸ். பொன் கிடைக்கவில்லை, வெண்பொன் கிடைத்தது. போட்கர் 1719இல் முப்பத்தேழாம் வயதில் இறந்துபோனான்.

பிரான்சு வேறு வழியில் நடந்தது. கவோலின் கிடைக்காத நிலையில், மணலையும் உப்புவகைகளையும் உருக்கிப் பொடித்துச் சுண்ணமண்ணுடன் பிசைந்து, மென்பீங்கான் என்னும் போலியொன்றை ஆக்கினர். சூளையில் பாதி குலைந்துபோகும். கத்தி பட்டால் கீறல் விழும். ஆனால் அதன் மெருகு குறைந்த வெப்பத்தில் இளகுவது. ஆகையால் தீட்டிய வண்ணம் மேலே படிந்து நில்லாமல் உள்ளே கரைந்து ஆழ்ந்தது. உண்மைப் பீங்கானில் கிட்டாத ஒளி அந்தப் போலியில் கிட்டியது. குறையே அழகுக்கு வாயிலான கதை கவிஞர்க்குப் புதிதன்று. 1740இல் வின்சென் கோட்டையில் தொடங்கிய அத்தொழில், 1756இல் பாரிசுக்கும் வெர்சாய்க்கும் இடையிலுள்ள செவ்ர் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. மன்னரின் அன்புக்குரிய பொம்பதூர் அம்மையார் அதன் புரவலராக இருந்தார். 1759இல் பதினைந்தாம் லூயி மன்னரே ஆலையை முழுவதும் வாங்கிக்கொண்டார். வானத்து நீலமும் ரோஜாச் சிவப்பும் பொன்வரியும் கொண்ட செவ்ர் கலங்களை மன்னர் தம் அரண்மனை அறைகளில் வைத்து ஆண்டுதோறும் பிரபுக்களுக்கு விற்றார். ரஷ்யப் பேரரசி கேதரின் 1776இல் பெரியதொரு விருந்துத் தொகுதிக்கு ஆணை கொடுத்தார். 1768இல் லிமோஷ் நகருக்கருகே சேந்த் இரியே என்னுமிடத்தில் கவோலின் கண்டுபிடிக்கப்பட்டது. மருத்துவர் ஒருவரின் மனைவி துணிவெளுக்க எடுத்த வெள்ளை மண்ணே அது என்பர். அதன்பின் செவ்ரிலும் உண்மைப் பீங்கான் வேகத் தொடங்கியது.

இவ்வறிவு சீனத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற வழிகளுள் ஒன்று கடிதம். தாந்த்ரகோல் என்னும் ஏசுசபைப் பாதிரியார் சிங்தெசன் என்னும் குயவர் நகரில் தங்கி, தம் சபையில் சேர்ந்த தொழிலாளரிடம் கேட்டறிந்து 1712இலும் 1722இலும் நீண்ட கடிதங்கள் எழுதினார். அவரைப் போலவே, நம் பக்கத்துக் கர்நாடக மிஷனைச் சேர்ந்த கேர்தூ பாதிரியார் இங்குள்ள சாயத்தொழிலாளரிடம் கேட்டு, பருத்தித் துணியில் சாயம் நிற்கச் செய்யும் முறையை 1742இல் பிரான்சுக்கு எழுதியனுப்பினார். நம் சாயக்காரரின் கைப்பக்குவம் இவ்வாறு கடல்கடந்து அச்சேறியது. அறிவு அந்நாளில் ஒருதிசைக் காற்றாக வீசிக்கொண்டிருந்தது. திப்பு அதனை எதிர்த்திசையில் திருப்ப முயன்றார். ஆனால் வினைஞர் நாட்டைவிட்டு வெளியேறுவதை வின்சென் காலந்தொட்டே அரசாணை தடுத்திருந்தது. பீரங்கி வார்ப்போரைப் போலவே பீங்கான் வினைஞரும் அரசின் மறைபொருளைக் கையில் வைத்திருந்தவர்கள். அவர்களை ஏதோ வேலைக்காரர் பதின்மர் என்று எண்ணுவதற்கில்லை.

தூதர் மூவரும் பாரிசு நகரையே கலக்கிவிட்டனர். தெருவெல்லாம் கூட்டம். அவர்களுடைய மஸ்லின் அங்கியையும் தலைப்பாகையையும் காண மக்கள் முண்டினர். விஜே லெ ப்ருன் என்னும் புகழ்பெற்ற பெண் ஓவியர் தர்வேஷ் கானை முழு உருவில் தீட்டினார். 1788 ஆகஸ்டு 10ஆம் நாள் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி அவர்களை வரவேற்றார். அவ்விழாவின் பொலிவைக் கண்டவர் எவரும் அந்த அரசு கடனில் மூழ்கிக் கிடப்பதை நினைத்திருக்க மாட்டார்கள். ஆறே நாளில், ஆகஸ்டு 16ஆம் நாள், பிரெஞ்சுத் திறைசேரி பணம் கொடுப்பதில் ஒரு பகுதியை நிறுத்திவைத்தது. படைத்துணை கேட்டுச் சென்றவர்களும் கொடுக்க வேண்டியவர்களும் ஒருவர் நிலையை மற்றவர் அறியாமல் வணங்கிக்கொண்டனர்.

தூதர்கள் செவ்ர் ஆலையையும் சென்று கண்டனர். அவர்கள் சேன் க்ளூ பூங்காவில் உலவும் காட்சியை ஆலையின் ஓவியரான அஸ்லேன் தீட்டினார். விடைகொடுக்கையில் லூயி மன்னர் திப்புவுக்குச் செவ்ர் பீங்கான் கலங்களைப் பெருமளவில் பரிசளித்தார். இங்கிலாந்துடன் செய்த அமைதியைக் காட்டிப் படைத்துணையை மறுத்தார். சில கைவினைஞரும் விதைகளும் தூதருடன் புறப்பட்டதுண்டு. அவர்கள் 1788 நவம்பரில் பிரெஸ்ட் துறையிலிருந்து கப்பலேறி, 1789 மே மாதம் புதுச்சேரி சேர்ந்தனர். மைசூர் மண்ணில் பீங்கான் தொழில் வேரூன்றவில்லை. தொழிலைக் கேட்டவருக்கு அத்தொழிலின் விளைபொருள் வந்தது. அதுவும் வைக்கோலில் பொதிந்து அனுப்பவேண்டிய, கைதவறினால் உடையும் விளைபொருள்.

பிரான்சின் செல்வத்தைத் தூதர் ஓயாமல் புகழ்ந்ததால் சினமுற்ற திப்பு, அவருள் இருவரைக் கொல்வித்தார் என்று ஆங்கிலேயர் எழுதிய நூல்கள் கூறும். பகைவர் எழுத்தை அப்படியே கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எனினும் திப்பு பெரிதும் ஏமாற்றமுற்றார் என்பதில் ஐயமில்லை. அவரிடத்தும் குறையுண்டு. அவருடைய ஆலையில் நீர்விசையால் பீரங்கித்துளை போடும் பொறியொன்றைப் பிரெஞ்சு வினைஞர் ஒருவர் அமைத்ததாகவும், திப்பு அதனை மாடுகட்டி இழுக்கும்படி மாற்றச் சொன்னதாகவும் 1800இல் இப்பகுதிகளில் பயணம் செய்த புக்கானன் எழுதுகிறார். வினைஞரை வரவழைத்தால் போதாது, அவர் சொல்லையும் கேட்க வேண்டும். அந்தப் பொறுமை போர்க்காலத்து அரசருக்கு எளிதன்று.

அடுத்துவரும் பகுதி நம் மண்ணில் நிகழ்ந்தது. 1790 நவம்பரில், ஆங்கிலத் தளபதி மெடோஸ் பின்தொடர, திப்பு தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலத்துச் சமவெளியில் இறங்கினார். சென்னைக்கோ மைசூருக்கோ செல்வார் என்று ஆங்கிலேயர் எண்ணியிருக்கத் தெற்கே திரும்பிக் காவிரியின் வடகரையோடு திருச்சிராப்பள்ளிக்கு எதிரே போய் நின்றார். அங்கிருந்து வடக்கே தியாகதுர்க்கம், திருவண்ணாமலை வழியாகப் புதுச்சேரியின் அருகே வந்தார். நம் ஊர்களின் ஊடே அவர் கடுகி நடந்த அந்தப் பயணத்தின் முடிவும் பிரான்சுதான். ஆறாயிரம் பிரெஞ்சு வீரரை அனுப்புமாறு லூயிக்கு மீண்டுமொரு கடிதம் எழுதி, லெழே என்னும் பிரெஞ்சு அதிகாரியிடம் கொடுத்தனுப்பினார். இம்முறை வினைஞர் வேண்டும் நிலையில் அவர் இல்லை. கடிதம் பிரான்சு சேர்ந்தபோது லூயி பெயரளவில்தான் மன்னர். அமெரிக்கப் போருக்கு உதவியதன் கசப்பை நினைந்து அவர் மறுத்துவிட்டார் என்று அவருடைய அமைச்சர் எழுதிவைத்திருக்கிறார்.

1792 பிப்ரவரியில் சீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டது. மார்ச்சில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி நாட்டின் பாதி போயிற்று. இழப்பீடு மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய். பிணையாக மைந்தர் இருவர். இழந்த பாதியில் பாராமகாலும் சேலமும் நாமக்கல்லும் சங்ககிரியும் அடங்கும். இச்சமவெளியின் உழவர் சீரங்கப்பட்டணத்திற்குச் செலுத்திய வரி அன்றோடு நின்று, கர்னல் ரீடிடமும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவிடமும் செலுத்தும் வரி தொடங்கியது. தூதரைக் கடல்கடத்திய செலவில் நம் புன்செய்க்காட்டுக் கம்பும் சோளமும் விற்ற காசும் கலந்திருக்கும். அந்த உழவர் எவரும் செவ்ர் என்ற பெயரைக் கேட்டிருக்க மாட்டார்.

1793 ஜனவரி 21ஆம் நாள் பரிசளித்த மன்னர் பாரிசில் தலை துணிக்கப்பட்டார். பரிசு பெற்ற மன்னர் 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணக் கோட்டையின் நீர்வாயில் அருகே போரிட்டு மாண்டார். அன்றிரவே கொள்ளை தொடங்கியது. அரியணையைத் துண்டு துண்டாக உடைத்துப் பங்கிட்டனர். ஆங்கிலேயனைக் கடிக்கும் மரப்புலி இலண்டன் சென்றது. குடும்பத்தார் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1806ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் அங்கிருந்து கல்கத்தாவுக்கு அகற்றப்பட்டனர்.

கொள்ளையுடன் சென்றவற்றுள் மைசூரின் இரும்புக்குழல் ஏவுகணைகளும் இருந்தன. அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு வுல்விச்சில் காங்கிரீவ் ஆய்ந்தார். சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்து அதே வகை ஏவுகணைகளை நெப்போலியன் மீது வீசியது. திப்பு தூது அனுப்பியும் பெறாத ஒன்றை அவர்கள் தூதின்றியே பெற்றுக்கொண்டனர். செவ்ர் ஆலை பிரெஞ்சுப் புரட்சியையும் தாண்டி நின்றது. புரான்யார் என்னும் அறிஞர் 1800 முதல் 1847 வரை அதனை நடத்தி, உலகத்து மட்கலங்களையெல்லாம் சேர்த்து அருங்காட்சியகமொன்றையும் அமைத்தார். தூதர் மூவரும் சேன் க்ளூ பூங்காவில் உலவும் அந்த ஓவியம் செவ்ரில்தான் இருக்கிறது.

சேலத்துக்கருகே வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல் உலைகளின் உட்சுவருக்குச் செங்கல்லாகிறது. நாமக்கல், கரூர்ப் பக்கங்களில் வெங்கச்சங்கல்லும் பெல்ஸ்பாரும் கிடைக்கின்றன. நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் படிந்திருக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் தொழில்நுட்பக் கல்விக்கூடமும் இருக்கின்றன. எலும்பும் தசையும் என்று சீனக் குயவர் சொன்ன இரண்டும் இருநூறு கிலோமீட்டர் தொலைவுக்குள். நாமக்கல் மலையேறும் அன்பர்கள் கோட்டைச் சுவரருகே நின்று கீழே நோக்கினால், 1790இன் கார்காலத்தில் திப்புவின் குதிரைப்படை கடந்துபோன சமவெளி தெரியும். இந்நாளில் அவ்வழியே கல்பொடி மூட்டை ஏற்றிய லாரிகள் போகின்றன.